பேரேட்டில் ஒரு பக்கம்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உலக இலக்கியம் படிப்பது பற்றித்தான். சென்ற இதழில் "பெரிய புத்தகங்களைக் கண்டு பயப்படாதீர்கள்" என்று எழுதியதன் பலன் இது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மற்ற விஷயங்கள் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலைப் பல தடவை தொடங்கிவிட்டேன். நூறு பக்கம் தாண்டுவதற்குள் யார் யார் என்று குழம்பிப்போகிறது. கடை வேலை, வீட்டு வேலை என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் எங்கே நிறுத்தினேன் என்பதே மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, தாம்வே, ரங்கூன்)

பதில்: ஒரு நோட்டு வாங்குங்கள். நீள வாக்கில் இருக்கும் கணக்கு நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

என் அப்பா முகல் தெருவில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவருடைய பேரேட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் தனிப் பக்கம் உண்டு. ஒருவர் ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வந்தாலும், அப்பா அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும், பழைய கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே இருக்கும். நான் நாவல் படிப்பதும் அப்படித்தான். தேதி வாரியாக எழுதுவதில்லை. பாத்திரத்துக்கு ஒரு பக்கம்.

'போரும் வாழ்வும்' நாவலில் ஆந்திரேய்க்கு நான் வைத்திருக்கும் பக்கத்தைச் சொல்கிறேன். மேலே அவருடைய பெயர்கள்: இளவரசர் ஆந்திரேய், பல்கோன்ஸ்கி, ஆந்திரேய் நிக்கலாயெவிச். மூன்றும் ஒரே ஆள்தான். நிக்கலாயெவிச் என்றால் நிக்கலாயின் மகன்; நாம் இனிஷியலில் அடக்குவதை ரஷ்யர்கள் முழுசாகச் சொல்கிறார்கள். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அதற்குக் கீழே சிறு சிறு வரிகள். "முதல் பாகம்: ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் அடிபட்டு விழுகிறார். வானத்தைப் பார்க்கிறார். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்தேனே என்று நினைக்கிறார்." பிறகு, "இரண்டாம் பாகம்: காட்டு வழியில் ஒரு கிழட்டு ஓக் மரம், இலையே இல்லை. என் வாழ்க்கையும் இப்படித்தான், முடிந்துபோனது என்கிறார்." அடுத்த வரி: "திரும்பி வரும்போது அதே மரம் முழுக்கத் தளிர். முப்பத்தொரு வயதில் வாழ்க்கை முடிந்துவிடாது என்கிறார்." இந்த மூன்று வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைப் பார்த்தபோதுதான் டால்ஸ்டாய் அந்த மனிதரை எப்படிச் செதுக்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வெறுமனே படித்துக்கொண்டு போயிருந்தால் வானமும் மரமும் தனித்தனியே நின்றிருக்கும்.

அப்புறம், பக்கக் கணக்கு வைக்காதீர்கள். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாயக் கணக்கு வையுங்கள். இந்த நாவலில் 361 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் நாலைந்து பக்கம்தான். நாளுக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். ரங்கூனில் கரண்டு முறை வைத்து வருகிற காலத்தில் இந்த அளவு சார்ஜ் விளக்குக்கும் தாங்கும். டி.எஸ். சொக்கலிங்கம் செய்த தமிழாக்கம் கையில் இருந்தால் அதையே எடுங்கள். ஓட்டமான தமிழ்.

கேள்வி: எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பர்மிய மொழி சரளம். உலக இலக்கியத்தைத் தமிழில் படித்தால்தான் மரியாதை என்று மாமா சொல்கிறார். அப்படியா டீச்சர்? (கல்லூரி மாணவர், புரோம்)

பதில்: மாமாவின் தமிழ்ப் பற்றை மதிக்கிறேன், தம்பி. ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்பேன். 1960களில் தனியார் பள்ளிக்கூடங்கள் அரசுடைமையான பிறகு இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பர்மிய மொழியில்தான் படித்து வளர்ந்தார்கள். கோயில் வகுப்பில் வாரம் ஒரு நாள் படித்த தமிழை வைத்துக்கொண்டு ஆயிரம் பக்க நாவலில் இறங்கினால் மூச்சு வாங்கும்.

பர்மிய மொழியில் உங்களுக்குக் கிடைப்பது சாதாரணச் செல்வமா? மியா தான் டின் என்ற எழுத்தாளர் அரசியல் கைதியாக ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர். டால்ஸ்டாயின் இதே நாவலையும், சீனத்தின் 'செம்மாடக் கனவு' நாவலையும் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்து தேசிய இலக்கியப் பரிசு பெற்றவர். அந்தச் சீன நாவல் மட்டும் 120 அத்தியாயம். பன்சோடன் தெரு நடைபாதைக் கடைகளில் பொறுமையாகத் தேடுங்கள், பழைய பிரதி கண்ணில் படும். இன்னொன்றும் சொல்கிறேன்: பர்மிய மொழியின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது 1904இல் ஜேம்ஸ் லா ஜோ எழுதியது. பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' கதையைத் தழுவித்தான் அதை எழுதினார். உலக இலக்கியம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். பர்மிய மொழியில் படித்து முடித்த நாவலில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்து, தமிழாக்கம் கிடைத்தால் அதில் மறுபடி படியுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தமிழ் தானாகப் பிடிபடும். கோயில் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், நல்ல பலன்.

கேள்வி: விக்டர் ஹியூகோவின் 'ஏழை படும் பாடு' கதையைச் சுருக்கப் பதிப்பில் படித்தேன். படித்த கணக்கில் சேர்க்கலாமா? முழு நூலில் தேவையில்லாத பகுதிகள் நிறைய என்கிறார்களே? (வாசகர், பெகு)

பதில்: சேருங்கள், ஆனால் "சுருக்கம்" என்று பக்கத்தில் எழுதிச் சேருங்கள். முழு நூலுக்கு ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த காட்சி எது? சிறையிலிருந்து வந்த ஜான் வல்ஜான், தனக்குச் சோறு போட்ட பாதிரியார் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடுகிறான். போலீஸ் பிடித்துக் கொண்டுவருகிறது. பாதிரியார் "நான் கொடுத்ததுதான்" என்று சொல்லி, வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். சுருக்கப் பதிப்புகள் பலவும் வல்ஜான் கதவைத் தட்டுவதில்தான் தொடங்கும். மூல நூலில் வல்ஜான் வருவதற்கு முன்னால் 14 அத்தியாயங்கள் அந்தப் பாதிரியாரைப் பற்றி மட்டுமே. "தேவையில்லாத பகுதி" என்று வெட்டப்படுவது இதுதான்.

அந்த 14இல் என்ன இருக்கிறது? அவர் அந்த ஊரின் பிஷப். அவருக்கு ஒதுக்கிய அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நோயாளிகள் 26 பேர் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். "கணக்கில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, நீங்கள் என் வீட்டில் இருக்க வேண்டியவர்கள்" என்கிற மாதிரி சொல்லி, அரண்மனையை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் குடிபோகிறார். ஆண்டுக்கு 15,000 பிராங்க் சம்பளம். அதில் 1,000 மட்டும் தனக்கு. மிச்சம் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியலே போட்டுக் காட்டுகிறார் ஹியூகோ. இவ்வளவையும் விட்ட மனிதர் விடாமல் வைத்திருந்த ஒரே ஆசை, வெள்ளிக் கரண்டியில் சாப்பிடுவது. ஆறு பேருக்கான கரண்டி, முள்கரண்டி, ஒரு சூப் அகப்பை, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகள். வெள்ளி இல்லாமல் சாப்பிடுவது தனக்குக் கஷ்டம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இப்போது அந்தக் காட்சிக்கு வாருங்கள். அவர் வல்ஜானுக்குக் கொடுத்தது வீட்டில் கிடந்த ஏதோ ஒரு பொருளை அல்ல. தனக்கென்று மிச்சம் வைத்திருந்த கடைசிப் பொருளை! 14 அத்தியாயங்களைத் தாண்டி வந்தவருக்குத்தான் இது வலிக்கும். எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

நூல் முழுக்க 365 அத்தியாயங்கள். வாட்டர்லூ போரைப் பற்றி 19 அத்தியாயங்கள் தொடர்ந்து வரும். அங்கே களைப்பாக இருந்தால் வேகமாகப் போங்கள், தவறில்லை. பிஷப்பை மட்டும் தாண்டாதீர்கள்.

கேள்வி: "உலகின் தலைசிறந்த நூறு நூல்கள்" என்று ஒரு பட்டியல் பார்த்தேன். அதில் ஆறுதான் படித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. (வாசகர், தட்டோன்)

பதில்: ஆறு என்பது நல்ல தொடக்கம், ஐயா. நீங்கள் பார்த்தது 2002இல் நார்வே நாட்டுப் புத்தகக் கழகம் வெளியிட்டதாக இருக்கலாம். 54 நாடுகளைச் சேர்ந்த 100 எழுத்தாளர்களைக் கேட்டுத் தொகுத்தது. 'டான் கிஹோத்தே' நாவலுக்குத்தான் அதிக வாக்கு. மகாபாரதம், ராமாயணம், சாகுந்தலம் எல்லாம் அதில் உண்டு. குறளும் இல்லை, சிலம்பும் இல்லை. அப்படியானால் அந்தப் பட்டியலை வைத்து உங்களை நீங்களே அளப்பது எப்படிச் சரியாகும்? அதிலிருந்து வேண்டியதை எடுத்து, நம்முடையதையும் சேர்த்து, உங்கள் கையெழுத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். ரங்கூனில் இருந்து 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழுக்குத் தந்தவர். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. பட்டியலில் முதல் வரி அவராக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: நம் பர்மா உலக இலக்கியத்தில் எங்காவது வருகிறதா? நம் தமிழர்கள் வருகிறார்களா? (வாசகி, மோல்மீன்)

பதில்: ஜார்ஜ் ஆர்வெல் 1922 முதல் 1927 வரை இங்கே போலீஸ் அதிகாரி. உங்கள் ஊரிலும் வேலை பார்த்தார். யானையைச் சுட்ட அனுபவத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை மோல்மீனில்தான் தொடங்குகிறது. 1934இல் வந்த 'பர்மிய நாட்கள்' நாவலில் வீராசாமி என்று ஒரு டாக்டர் வருகிறார். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெள்ளைக்காரக் கதாநாயகன் சாம்ராஜ்யத்தைத் திட்டுவான். டாக்டர் அதைத் தூக்கிவைத்துப் பேசுவார். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் உறுப்பினராகிவிட்டால், தன்னைக் கவிழ்க்கப் பார்க்கும் எதிரியிடமிருந்து தப்பிக்கலாம் என்று நம்புவார். அது நடக்காமல் பதவி இறங்கி மண்டலேக்கு மாற்றலாகிப் போவார். படிக்கக் கோபம் வரும், ஆனால் படியுங்கள். எனக்கு அவர் மேல் பரிதாபம்தான். நல்ல வைத்தியர், நல்ல நண்பர். அவருடைய வீடு, பேச்சு, சொந்த பந்தம் எல்லாவற்றையும் நம்மில் ஒருவர் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. என் நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு.

கேள்வி: நீங்கள் சொன்ன நோட்டு முறையைப் பிள்ளைகளோடு தொடங்க ஆசை. எதில் தொடங்கலாம்? (ஒரு அம்மா, தாமைன்)

பதில்: சிலப்பதிகாரத்தில். 30 பகுதிகள், நாளுக்கு ஒன்று என்றால் ஒரு மாதம். உரையோடு கூடிய எளிய பதிப்பை எடுங்கள். கண்ணகிக்கு ஒரு பக்கம், கோவலனுக்கு ஒன்று, மாதவிக்கு ஒன்று, கவுந்தி அடிகளுக்கு ஒன்று. மூன்றாவதான அரங்கேற்று காதையில் பிள்ளைகள் திணறுவார்கள். இசை, நடன நுணுக்கம் அவ்வளவும் அங்கே இருக்கிறது. நோட்டில் பென்சிலால் "பிறகு" என்று குறித்துவிட்டு மேலே போங்கள். ஏழாவதான கானல்வரியை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கோவலன் பாடும்போது ஒரு பிள்ளை, மாதவி பாடும்போது இன்னொரு பிள்ளை என்று பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பாட்டுக்கு அப்புறம் இருவரும் ஏன் பிரிந்தார்கள் என்று பிள்ளைகளையே அவரவர் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.