பெட்டியும் உருளையும் போதும், மெஷ் கண்ணுக்கு மட்டும்

கேள்வி: சேலத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏற்காட்டில் மாமாவின் எஸ்டேட் களத்தில் காயும் காப்பிக்கொட்டையைக் கிளறிவிட ஒரு ரோபோ வண்டி செய்யப் பார்க்கிறோம். கணினியில் வரைந்த கேட் (CAD) வரைபடத்தை அப்படியே கஸீபோவில் (ரோபோவைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஏற்றினால் சிமுலேஷன் ஆமை வேகத்தில் போகிறது, வண்டியும் துள்ளி விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, வரைபடத்தை முழுசாக ஏற்றியதுதான் சிக்கல். ரோபோவின் அமைப்பை எழுதும் யூஆர்டிஎஃப் (URDF) கோப்பில் கண்ணுக்குத் தெரியும் வடிவமான விஷுவல் வேறு, மோதலைக் கணக்கிடும் வடிவமான கொலிஷன் வேறு. அழகான மெஷ்ஷை (முக்கோணங்களால் ஆன நுணுக்கமான வடிவம்) விஷுவலில் வைத்துக்கொள்ளுங்கள், கொலிஷனில் மட்டும் உடம்புக்கு ஒரு பெட்டி, சக்கரத்துக்கு உருளை, முன்னால் உருளும் காஸ்டருக்கு (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னத் தாங்கு சக்கரம்) உராய்வு குறைத்த ஒரு கோளம், அவ்வளவுதான். கோளம் தரையைத் தொடுகிறதா என்று பார்க்க அதன் மையத்தின் உயரத்தை ஆரத்தோடு ஒப்பிட்டால் முடிந்தது. மெஷ் என்றால் முக்கோணம் முக்கோணமாகத் தேட வேண்டும், அதுவும் வழக்கமான அமைப்பில் ஒரு விநாடிக்கு 1000 முறை.

மெஷ் இருக்கும் எஸ்டிஎல் (STL) கோப்பு மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். கஸீபோவுக்கு எல்லாமே மீட்டர், அதனால் அளவை 0.001 ஆகச் சுருக்காவிட்டால் 600 மி.மீ. வண்டி 600 மீட்டர் ஆகிவிடும். உருளை எப்போதும் நின்றபடிதான் வரும், சக்கரமாக்க 1.5708 ரேடியன் (90 டிகிரி) திருப்ப வேண்டும், அதே திருப்பலை இனெர்ஷியாவுக்கும் (சுழற்றுவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்கள்) கொடுங்கள், நிறைய பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

துள்ளலுக்குப் பெரும்பாலும் இனெர்ஷியாதான் காரணம், ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வைத்திருப்பீர்கள். எளிய வடிவம் என்றால் இதையும் கையாலேயே போடலாம். 12 கிலோ எடையில் 0.6, 0.4, 0.2 மீட்டர் பெட்டி என்றால் மூன்று அச்சுக்கும் 0.2, 0.4, 0.52 வரும் (எடையை 12ஆல் வகுத்து, மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கக் கூட்டலால் பெருக்குங்கள்). 1 கிலோ எடை, 0.1 மீட்டர் ஆரம் உள்ள சக்கரத்துக்கு அச்சைச் சுற்றி 0.005. அப்புறம் வண்டியை இறக்கும்போது சக்கரம் தரைக்குள் புதைந்திருந்தாலும் அது தூக்கி எறியும், கொஞ்சம் மேலே வைத்து இறக்குங்கள்.

காப்பிக்கொட்டையை ஒவ்வொன்றாகக் கோளமாகப் போட நினைக்காதீர்கள், எந்தக் கணினியும் தாங்காது. களத்துக்கே போய், கிளறும் பலகையை ஸ்பிரிங் தராசில் மாட்டி, கொட்டைமேல் ஒரே சீராக இழுத்துப் பாருங்கள். 5 கிலோ காட்டினால் சுமார் 49 நியூட்டன். அந்த விசையைச் சிமுலேஷனில் வண்டி போகும் திசைக்கு எதிராகக் கொடுத்தால் மோட்டார் தாங்குமா என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் கிடைக்கும், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வண்டி நிற்கும்போது மட்டும் விசையைப் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் தானாகப் பின்னால் நகரும். ஈரக்கொட்டைக்கும் காய்ந்ததற்கும் தனித்தனியாக இழுத்துப் பார்த்து, இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.