கைபேசிக்குள் ஃப்யூயல் செல் வருமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: கைபேசி, மடிக்கணினி போன்றவற்றுக்காக, மெத்தனால் மாதிரி எரிபொருளை நேராக மின்சாரமாக மாற்றும் மிகச் சிறிய எரிபொருள் மின்கலம், அதாவது மைக்ரோ ஃப்யூயல் செல். கல்லூரியில் மின்வேதியியல் நடத்திய நாளிலிருந்து நான் விடாமல் கவனித்துவருவது இது. அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, கைபேசிக் கடை வைத்திருக்கிறேன். மெத்தனால் ஊற்றினால் ஒரு மாதம் ஓடும் போன் இன்னும் இரண்டு வருடத்தில் வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். பவர் பேங்க் ஸ்டாக் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளலாமா? (கடைக்காரர், திருப்பூர்)

பதில்: குறைக்க வேண்டாம். தாராளமாக எடுங்கள்.

இந்த ‘இன்னும் இரண்டு வருடம்’ இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2003இல் ஜப்பானின் தோஷிபாவும் என்இசியும் மெத்தனாலில் ஓடும் மடிக்கணினி மாதிரிகளைக் காட்டின. அடுத்த வருடம் தோஷிபா ஒரு குட்டிச் செல்லைக் கொண்டுவந்தது. நீளம் 56 மில்லிமீட்டர், அகலம் 22, தடிமன் 4.5, எடை 8.5 கிராம். இரண்டு மில்லிலிட்டர் மெத்தனாலில் ஒரு பாட்டுக் கருவி 20 மணி நேரம் பாடும் என்றார்கள். அந்தப் படத்தைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது.

கடைக்கு வந்தது என்னவோ 2009 அக்டோபரில்தான். பெயர் டைனாரியோ. அது போனுக்குள் இருக்கிற செல் இல்லை, யுஎஸ்பி கம்பியில் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தனிப் பெட்டி. மொத்தமே 3,000 பெட்டிகள், அதுவும் ஜப்பானில் மட்டும். எரிபொருள் ஊற்றாமலே 280 கிராம். விலை 29,800 யென், அன்றைக்கு நம் பணத்தில் 15,000 ரூபாய் வரும். தொட்டியில் 14 மில்லிலிட்டர் மெத்தனால் பிடிக்கும். ஒரு தடவை நிரப்பினால் இரண்டு போனுக்குச் சார்ஜ் ஆகும். 50 மில்லிலிட்டர் புட்டிகள் ஐந்து 3,150 யென்.

நீங்கள் வியாபாரி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு புட்டி 630 யென். அதில் மூன்றரைத் தடவை நிரப்பலாம், அதாவது ஏழு சார்ஜ். ஒரு சார்ஜுக்கு 90 யென், அன்றைய கணக்கில் நாற்பது ரூபாய்க்கு மேல். சுவரில் இருக்கும் பிளக்கில் செருகினால் இன்றைய பெரிய பேட்டரி போனுக்கே ஒரு யூனிட் மின்சாரத்தில் நாற்பது தடவை சார்ஜ் ஏற்றலாம். உங்கள் கடைக்கு வருகிற எந்த வாடிக்கையாளர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்?

அப்படியென்றால் தோஷிபா எதை நம்பி இறங்கியது? ஒரு கிலோ மெத்தனாலில் ஐந்தாயிரம் வாட்-மணிக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. நல்ல லித்தியம் அயான் பேட்டரி கிலோவுக்கு 250 வாட்-மணி தரும். இருபது மடங்கு வித்தியாசம், ஆசை வராமல் எப்படி இருக்கும்? ஆனால் டைனாரியோவின் 14 மில்லிலிட்டரில் அறுபது வாட்-மணி இருந்தும், அந்தக் காலத்துச் சிறிய போன் இரண்டுக்கு அது கொடுத்தது, என் கணக்கில், ஆறேழு வாட்-மணிதான். பத்தில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் வெப்பமாகவும் கசிவாகவும் போனது. அந்தப் பெட்டிக்குள் துணைக்கு ஒரு லித்தியம் பேட்டரியும் இருந்தது என்பதையும் கவனியுங்கள். ஃப்யூயல் செல்லால் சட்டென்று அதிக மின்னோட்டம் கொடுக்க முடியாது. அழைப்பு வந்ததும், திரை எரிந்ததும் எகிறும் தேவையைச் சமாளிக்கப் பேட்டரிதான் வர வேண்டும். எந்தப் பேட்டரியை வீட்டுக்கு அனுப்பப் புறப்பட்டதோ, அதன் தோளிலேயே சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது.

அந்தப் பேட்டரியும் சும்மா இருக்கவில்லை. பழைய மடிக்கணினிப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே உருளை உருளையாக இருக்குமே, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதில் ஏறக்குறைய 1,000 எம்ஏஎச் பிடித்தது. 2003 வாக்கில் 2,200. இன்றைக்கு 3,500. உருளை அதே உருளை. விலை பத்து மடங்குக்கு மேல் இறங்கிவிட்டது. 2003ஆம் வருடத்துப் பேட்டரியை ஜெயிப்பதற்காகத் திட்டமிட்டுக் கட்டிய செல், 2009இல் கடைக்கு வந்தபோது வேறொரு பேட்டரியைச் சந்தித்தது. இந்தச் சந்தையின் கதையை ஒரே வரியில் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

நம்மூருக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. மெத்தனால் விஷம். பத்து மில்லிலிட்டர் உள்ளே போனாலே பார்வை போய்விடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹால், அதாவது இதே மெத்தனால், வைத்திருக்க, விற்க உரிமம் வேண்டும் என்று 1959ஆம் வருடத்து விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் இன்னும் இறுக வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். சார்ஜர் பக்கத்தில் மெத்தனால் புட்டியைத் தொங்கவிட்டு விற்கிற நிலை இங்கே வரக்கூடாது.

கேள்வி: மெத்தனால் குப்பியை விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: விதி இருக்கிறது. 2007 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். தரச் சான்று பெற்ற, மூடி முத்திரையிட்ட குப்பியாக இருக்க வேண்டும். திரவ எரிபொருள் என்றால் 200 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. உதிரிக் குப்பி ஆளுக்கு இரண்டு. விமானத்துக்குள் இருக்கும்போது திறந்து நிரப்பக் கூடாது. விதி வந்தது, அதைப் பயன்படுத்திக்கொள்ளப் பொருள்தான் வரவில்லை. உங்கள் கைப்பையில் இருப்பது பவர் பேங்க்தானே? 100 வாட்-மணிக்கு உட்பட்டதா என்று பாருங்கள், சரக்குப் பெட்டியில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக்ரோ ஃப்யூயல் செல் சந்தை வருடா வருடம் பெரிய சதவீதத்தில் வளரும் என்று ஒரு சந்தை ஆய்வு அறிக்கையைத் தரகர் அனுப்பியிருக்கிறார். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைப் போடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, போடாதீர்கள். வேறு யாருக்காவது என்றால் ‘யோசித்துச் செய்யுங்கள்’ என்று எழுதியிருப்பேன். ஓய்வூதியப் பணம் என்பதால் நேரடியாகவே சொல்கிறேன்.

இத்தகைய அறிக்கைகள் 2003, 2004இலும் வந்தன. அவற்றை நம்பிப் பணம் போட்டவர்கள் ஏமாளிகள் இல்லை. அமெரிக்காவில் எம்டிஐ மைக்ரோ என்ற நிறுவனத்துடன் முதலில் டியூராசெல் கை கோத்தது, பிறகு சாம்சங்கும் சேர்ந்தது. பேட்டரி விற்பவரும் போன் செய்பவரும் பக்கத்தில் நின்றும் சரக்கு கடை அலமாரியை எட்டவில்லை. மெடிஸ் டெக்னாலஜிஸ் மெத்தனாலை விட்டு போரோஹைட்ரைடு என்ற வேதிப்பொருளில் ஓடும் செல்லைச் செய்தது, அயர்லாந்தின் கால்வேயில் தொழிற்சாலையே போட்டது. அதுவும் முடங்கிப்போனது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய லில்லிபுட்டியன் சிஸ்டம்ஸ், லைட்டரில் இருக்கிற பியூட்டேன் வாயுவில் ஓடும் ‘நெக்டர்’ என்ற சார்ஜரை 2013 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் வைத்தது. விலை 299 டாலர் என்று அறிவித்தது. 2014இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதே வருடக் கடைசியில் இங்கிலாந்தின் இன்டெலிஜென்ட் எனர்ஜி ‘அப்’ என்ற ஹைட்ரஜன் சார்ஜரை அந்த நாட்டு ஆப்பிள் கடைகளில் 149 பவுண்டுக்கு வைத்தது. ஆப்பிள் கடையைவிட நல்ல அலமாரி உலகத்தில் கிடைக்காது. அங்கேயும் ஓடவில்லை. அந்த நிறுவனம் இன்று ட்ரோன், வாகனம் என்று வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இவற்றில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் நன்றாகவே வேலை செய்த கருவிகள். சிக்கல் எரிபொருள் குப்பியில்தான். ஃப்யூயல் செல் என்பது சமையல் அடுப்பு மாதிரி, சிலிண்டர் வந்துகொண்டே இருந்தால்தான் எரியும். குப்பி எல்லா ஊரிலும் கிடைத்தால்தான் செல் விற்கும். செல் விற்றால்தான் எந்தக் கடைக்காரரும் குப்பியை வாங்கி வைப்பார். இந்த முடிச்சை இதுவரை யாரும் அவிழ்க்கவில்லை. ஊரெல்லாம் பிளக் இருக்கும்போது அவிழ்ப்பதற்கான அவசரமும் யாருக்கும் இல்லை.

தரகரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த அறிக்கை எதையெல்லாம் மைக்ரோ ஃப்யூயல் செல் என்று சேர்த்து எண்ணியிருக்கிறது? ராணுவ வீரர் முதுகில் சுமக்கும் மின் பெட்டி, ட்ரோன், பாடம் நடத்தும் கிட் எல்லாவற்றையும் கூட்டி, அட்டையில் மட்டும் போன் படத்தைப் போட்டிருக்கலாம். சிறிய தொகையிலிருந்து தொடங்கினால் சதவீதம் எப்போதும் பெரிதாகவே தெரியும் என்பது வங்கியில் இருந்த உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மெத்தனால் ஃப்யூயல் செல்லை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்க ஆசை. ‘செத்துப்போன டெக்னாலஜி’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுக்கலாமா சார்? (மாணவர், திருச்செங்கோடு)

பதில்: கண்டிப்பாக எடுங்கள் தம்பி. விற்காத சரக்கு என்பதால் அறிவியல் செத்துவிடாது.

என் மேசையில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மெத்தனால் செல் இருக்கிறது, மாணவர்களுக்குச் செய்துகாட்ட வாங்கியது. ஊசிக்குழாயால் 3 சதவீத மெத்தனால் கரைசலை உள்ளே விட்டால் கொஞ்ச நேரத்தில் அதோடு இணைத்த பிளாஸ்டிக் விசிறி சோம்பலாகத் திரும்பும், அப்புறம் சீராகச் சுற்றும். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கரைசலில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். அது கார்பன் டை ஆக்சைடு. மெத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து ஆறு எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்ததற்குக் கண்ணால் பார்க்கிற சாட்சி. விசிறியைக் கழற்றி மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். மாட்டியதும் சரசரவென்று இறங்கும். ஏட்டுக் கணக்கின்படி 1.2 வோல்ட் வர வேண்டும்.

இப்போது 3 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதக் கரைசலை விட்டுப் பாருங்கள். எரிபொருள் கூடினால் வேகம் கூடும் என்றுதான் எல்லா மாணவர்களும் சொல்வார்கள். விசிறி தளரும். நடுவில் இருக்கும் நாஃபியான் என்ற சவ்வு புரோட்டான்களை மட்டும் விட வேண்டியது, மெத்தனாலையும் விட்டுவிடுகிறது. அது மறுபக்கம் போய், அங்கிருக்கும் பிளாட்டினத்தில் வீணாக எரிந்து, வோல்ட்டையும் கீழே இழுக்கிறது. அதனால்தான் எரிபொருளைத் தண்ணீரில் நீர்க்கவிட்டே கொடுக்க வேண்டியிருக்கிறது. நீர்த்தால் தொட்டி பெரிதாகிறது. தொட்டியைச் சிறிதாக்க, மறுபக்கம் உண்டாகும் தண்ணீரைப் பிடித்துத் திருப்பி விட பம்பு வேண்டும். பம்பு வந்தால் இடம் போச்சு, மின்சாரமும் போச்சு. பேட்டரியைவிட மெத்தனாலில் இருந்த இருபது மடங்கு ஆற்றல் எங்கே கரைந்தது என்பது இந்த ஒரு சவ்வில் இருக்கிறது. மெத்தனாலைத் தடுத்துப் புரோட்டானை விடுகிற மலிவான சவ்வு, ருதேனியமும் பிளாட்டினமும் குறைவாகக் கேட்கிற வினையூக்கி, இரண்டில் எதை எடுத்தாலும் செய்ய வேலை இருக்கிறது.

இந்தச் செல்லுக்கு இன்றைய வடிவம் தொண்ணூறுகளில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கொடுத்தது. அந்தக் குழுவில் சுரம்புடி, நாராயணன், சூர்ய பிரகாஷ் என்று நம் நாட்டிலிருந்து போனவர்கள் முன்னணியில் இருந்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) பஸ்ஸில் போகிற தூரம்தான். சென்னை தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில், மத்திய அரசு ஆய்வு நிறுவனமான ஏஆர்சிஐயின் எரிபொருள் மின்கல மையம் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் உங்கள் துறைத் தலைவர் மூலம் கடிதம் போடுங்கள். வீட்டில் மட்டும் மெத்தனாலைக் கையாளாதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில், புகைப்போக்கி அடியில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கேள்வி: வால்பாறைப் பக்கம் காட்டில் விலங்குகளைப் படம் பிடிக்கும் கேமராக்கள் வைத்து ஆய்வு செய்கிறோம். மழைக்காலத்தில் மர நிழலில் சோலார் தகடு பயன்படவில்லை. ஃப்யூயல் செல் உதவுமா? (ஆய்வாளர், பொள்ளாச்சி)

பதில்: ஐந்து கடிதங்களில் ஃப்யூயல் செல்லுக்கு உண்மையிலேயே வேலை இருப்பது உங்களுடையதில்தான். பிளக் இல்லை, வெயில் இல்லை, வாரக்கணக்கில் யாரும் போகவும் முடியாது. அங்கேதான் இது பிழைத்திருக்கிறது. மியூனிக் பக்கத்தில் ப்ருன்தாலில் இருக்கும் எஸ்எஃப்சி எனர்ஜி, போன் பக்கம் ஏங்காமல் கேம்பர் வேன், தொலைதூர அளவீட்டுக் கருவி, கண்காணிப்பு கேமரா, ராணுவம் என்று போனது. இன்றும் மெத்தனால் செல் விற்றுக்கொண்டிருக்கிறது. அதன் செல்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.9 லிட்டர் மெத்தனால் கேட்கும். பத்து லிட்டர் கேன் 11 யூனிட் தரும்.

கேமரா ஒவ்வொன்றும் பென்சில் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடுகிறதென்றால் அதை அப்படியே விடுங்கள். படங்களை உடனுக்குடன் அனுப்பும் நிலையம் ஒன்று வைத்து, அது இடைவிடாமல் 10 வாட் இழுத்தால், ஒரு கேன் ஒன்றரை மாதம் வரும். விலை லட்சங்களில் இருக்கும், அதனால் பல கேமராக்களுக்குச் சேர்த்து ஒரே நிலையமாகத் திட்டமிடுங்கள். கருவிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே, காட்டுக்குள் மெத்தனால் கொண்டுபோக வனத்துறை அனுமதியையும், அதை வைத்திருக்க உரிமத்தையும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் எழுதி வாங்கிவிடுங்கள். கேன் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கட்டும். பெட்டி மேல் விஷம் என்று தமிழில் பெரிதாக எழுதி, மண்டையோட்டுப் படமும் போட்டுவிடுங்கள்.