கயிறு கட்டியும் கை ஏன் நிற்கவில்லை?
மனநல மருத்துவர் பதில்கள்

என் மகனுக்கு 21 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம். மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்து தேறி வந்தான். கோயிலில் கயிறும் கட்டினான். வந்த வாரமே பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளியைப் பார்த்திருக்கிறான். அன்று ராத்திரியே மறுபடி ஆரம்பித்துவிட்டான். இது திமிரா, வியாதியா?
– ஒரு தாய், திருச்சி

வியாதிதான் அம்மா. ஆனால் உங்களுக்குத் திமிராகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ‘வேண்டாம்’ என்று நிறுத்த வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. அது முழுதாக முதிர 25 வயது வரை ஆகும். அதற்குள்ளேயே போதை அதைப் பலவீனப்படுத்திவிடுகிறது.

மூளையில் சுரக்கும் டோபமைனை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘இது முக்கியம், மறக்காதே, மறுபடி தேடு’ என்று மூளைக்குச் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மின்முனை பொருத்தினார்கள். ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே லேசாக மின்சாரம் பாயும். சில எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்தின. உங்கள் மகன் போட்டுக்கொள்ளும் மாத்திரை கிளறிவிடுவதும் மூளையின் அந்த டோபமைன் பாதையைத்தான்.

சாப்பாடு பழகிப்போனால் டோபமைன் அடங்கிவிடும். போதை மருந்து ஒவ்வொரு முறையும் அதை வலுக்கட்டாயமாகப் பொங்க வைக்கும். தாங்க முடியாமல் மூளை டோபமைனை வாங்கிக்கொள்ளும் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் மீன்குழம்பும் ருசிக்காது, கிரிக்கெட்டும் பிடிக்காது. நிறுத்தினால் உடம்பு வலி, கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு. இதெல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மாத்திரை அட்டையின் பளபளப்பு, சிரிஞ்சு, கூட்டாளியின் முகம் என்று மூளை சேர்த்துப் படித்து வைத்த பாடம் மட்டும் லேசில் அழியாது. கோகெய்ன் அடிமைகளுக்கு அதைப் பயன்படுத்தும் வீடியோவைக் காட்டியபோதே அவர்களின் மூளையில் டோபமைன் கூடியதை 2006-ல் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள்.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971-ல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து விசாரித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில், முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இடமும் ஆட்களும் மாறியது ஒரு முக்கியக் காரணம். உங்கள் மகன் அதே தெருவுக்கு, அதே பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியிருக்கிறான். கொஞ்ச நாள் வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருக்க வழியுண்டா என்று பாருங்கள்.

கயிற்றை அவிழ்க்கச் சொல்லமாட்டேன். ஆனால் அதோடு புப்ரினார்ஃபின் என்ற, அபின் வகையைச் சேர்ந்த சிகிச்சை மாத்திரையும் வேண்டும். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் அது ஏக்கத்தை அடக்கும், உயிரையும் காக்கும். இதை ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், மூன்று மாத இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி போய்விட்டது. பழைய அளவையே இப்போது போட்டால் மூச்சு நின்றுவிடலாம். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மந்தம், உதடு நீலம் என்றால் உடனே 108. ஆலோசனைக்கு 14446, கட்டணம் கிடையாது.

கஞ்சா மூலிகைதானே டாக்டர்?
– கல்லூரி மாணவர், கோவை

அரளியும் செடிதான் தம்பி. கஞ்சா பிடிப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் இன்னும் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருளை விட்டு எட்டு மாதமாகிறது. மூளை பழையபடி ஆகுமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பெரும் பகுதி மீளும். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில் டோபமைன் கடத்திகள் (வெளியான டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதங்கள்) கணிசமாகத் திரும்பியிருந்தன. நினைவாற்றல் அதே வேகத்தில் தேறவில்லை. அதனால் சொன்னது மறக்கிறது, படித்தது தங்கவில்லை என்று இப்போதே பயப்படாதீர்கள். செல்போனில் குறித்து வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். தூக்கம் இன்னும் சரியாகவில்லை என்றால் மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்காமல் மருத்துவரிடம் போங்கள். பழைய பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.