முதலில் ஜன்னலைத் திறங்கள்: வெளிக்காற்று பற்றி நீங்கள் கேட்டவை

நெஞ்சக நோய் வார்டில் இருபத்திரண்டு வருடம் செவிலியராக இருந்தவள் நான், டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது பற்றியெல்லாம் உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி காற்று பற்றிக் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மார்கழி விடியற்காலையில் ஓசோன் அதிகம், அதனால்தான் அந்த நேரத்தில் கோலம் போடச் சொன்னார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே, உண்மையா? (மடிப்பாக்கம்)

இல்லைம்மா. நாம் மூச்சுவிடும் உயரத்தில் இருக்கிற ஓசோன், வண்டிப் புகையும் பெட்ரோல், பெயின்ட் ஆவியும் வெயில் பட்டு உருவாவது. அதனால் பெரும்பாலும் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். அது நுரையீரலுக்கு நல்லதும் இல்லை, மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். நம்மைக் காப்பாற்றுகிற ஓசோன் எங்கோ பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நகரத்து விடியற்காலைக் காற்று அவ்வளவு சுத்தமாக இருக்காது. இரவில் தரை குளிர்ந்துவிடும், அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே படிந்துவிடும், அதற்கு மேல் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும், ராத்திரி எரித்த குப்பைப் புகை, லாரிப் புகை எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். போகியன்று காலையில் எதிர்வீடு தெரியாமல் போவது இதனால்தான். வெயில் ஏறி ஒன்பது மணி வாக்கில் தரை சூடானால் காற்று மேலே கிளம்பிக் கலைந்துவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த இரண்டு மாதம் மட்டும் நடைப்பயிற்சியைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கோலம் தாராளமாகப் போடுங்கள், குனிந்து நிமிர்வது நல்லதுதான்.

ஏசி ரூமில் மூன்று பேர் படுக்கிறோம், காலையில் தலை கனக்கிறது. ஏசி வெளிக்காற்றைத்தானே இழுத்துத் தருகிறது? (கோவை)

இந்த நினைப்பு நிறைய பேருக்கு இருக்கிறது. வீட்டு ஸ்ப்ளிட் ஏசி வெளியிலிருந்து காற்றை எடுப்பதே இல்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி வெப்பத்தை மட்டும்தான் வெளியேற்றுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு போல இருக்கும். மூன்று பேர் கதவை அடைத்துக்கொண்டு படுத்தால் விடிவதற்குள் 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று பயப்படாதீர்கள், அது அப்படியெல்லாம் குறையாது. ஆனால் தலைபாரம், தூங்கியும் தூங்காத மாதிரி ஒரு மந்தம், இதற்கெல்லாம் இந்த அடைபட்ட காற்று ஒரு காரணம்.

சந்தேகமிருந்தால் நாளைக்குக் காலையில் எழுந்து மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அதே அறைக்குள் திரும்பிப் போய்ப் பாருங்கள். போர்வை, தலையணை, வேர்வை எல்லாம் கலந்த ஒரு வாடை மூக்கில் அடிக்கும். ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசித்திருக்கிறீர்கள். படுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஜன்னலையும் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள், ராத்திரி ஜன்னலை ஒரு விரற்கடை விடுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்தான். யாருக்காவது பலத்த குறட்டையும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம்.

ஜன்னலைத் திறந்தால் கொசு வருமே சிஸ்டர்?

வலை அடியுங்கள். கதவை மூடிக்கொண்டு கொசுவத்திச் சுருள் ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. காலையில் தரையில் வட்டமாகச் சாம்பல் கிடக்கிறதே, அதைப் பெருக்கித் தள்ளிவிடலாம், நெஞ்சுக்குள் போனதைப் பெருக்க முடியாது.

மாமனாருக்கு டிபி. கடற்கரை ஊரில் தங்க வைத்தால் சீக்கிரம் குணமாகுமா? (திருவண்ணாமலை)

இடம் மாற்ற வேண்டாம்மா, மாத்திரையை ஒரு நாளும் விடாமல் கொடுங்கள். ஒரு காலத்தில் காற்றைத்தான் மருந்தாக நம்பினார்கள். சௌரி முத்து என்ற மருத்துவர் 1928-ல் தாம்பரத்தில் ஆரம்பித்தது அப்படி ஒரு இடம்தான். நல்ல காற்றும் ஓய்வும் கொடுத்து டிபி நோயாளிகளைத் தங்க வைக்கும் அந்த மாதிரி மருத்துவமனைக்கு சானடோரியம் என்று பேர், பக்கத்து ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் 1950-களின் கடைசியில் சென்னையிலேயே ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்தார்கள். இன்னொரு பகுதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் அதே மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசமே இல்லை. உலகம் முழுக்க டிபிக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்று மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் காற்றுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, மற்றவர்களைக் காப்பாற்றுவதில். அவர் இருமும்போது வரும் நுண்திவலைகள் அடைத்த அறையில் மணிக்கணக்காக மிதக்கும், காற்று ஓடுகிற அறையில் கலைந்து போய்விடும். பெரு நாட்டின் லிமா மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஜன்னலும் கதவும் திறந்திருந்த வார்டுகளில் ஒரு மணி நேரத்துக்கு 28 தடவை காற்று மாறியது, இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் 12 தடவைதான். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டிடங்கள் இன்னும் மேல். எங்கள் வார்டும் அப்படிப்பட்ட பழைய கட்டிடம்தான், ராத்திரி குளிருகிறது என்று நோயாளிகள் ஜன்னலை மூடுவார்கள், நான் கம்பளியை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி திறப்பேன். மாமனாரின் கட்டிலை ஜன்னலோரம் போடுங்கள், இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள்.

பையனுக்கு எட்டு வயதில் கண்ணாடி. வெளியே விளையாடினால் பவர் குறையுமா?

வந்த பவர் குறையாது. ஆனால் கிட்டப்பார்வை வராமல் தடுக்க வெளியே இருப்பது நிஜமாகவே உதவுகிறது. காரணம் காற்று இல்லை, வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள், வீட்டுக்குள் சில நூறு லக்ஸ்தான், பகலில் வெளியே பத்தாயிரத்துக்கும் மேல். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை தினமும் 120 நிமிடம் வெளியே விடும் திட்டம் நடக்கிறது. தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

ராத்திரி மரத்தடியில் படுக்கக்கூடாதா?

மரம் ராத்திரி விடும் கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் விடுவதைவிடக் குறைவு. திறந்த வெளியில் அதுவும் கலைந்துவிடும். பூச்சி, பாம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது, மெயின் ரோட்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. வெளிக்காற்றுக்கு என்ன செய்வது? (வேளச்சேரி)

ரோட்டுப் பக்க ஜன்னலைக் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மூடிவிட்டு, பின்பக்க ஜன்னலைத் திறங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும் ஊர் நம்முடையது, அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் திறந்தால் காற்று வீட்டுக்குள் ஊடுருவி ஓடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்கள் பக்கத்துக் காற்று அளக்கும் நிலையத்தின் காற்றுத் தர எண்ணைப் பாருங்கள், 100-க்குள் இருந்தால் யோசிக்காமல் திறக்கலாம், 200-ஐத் தாண்டினால் அன்றைக்கு வேண்டாம். அம்மாவின் நாற்காலியைப் பின்பக்க பால்கனியில் போட்டு, கீரை ஆய்வதையோ பூக் கட்டுவதையோ அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் தன்னால் உட்கார்ந்துவிடுவார்.