குழந்தை உரிமைக்காக வேலை செய்தால் சோறு கிடைக்குமா?

அக்கா, வணக்கம்.

மகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச, சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வர்த்தில் என்னைப் பார்க்க வந்தபோது, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். பக்கத்தில் மகள் வாயே திறக்கவில்லை. ஆனால் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப், ஐ.நா. அலுவலகங்கள் இருக்கிற ஜெனீவா, இரண்டையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு தெளிவு வருவது லேசில்லை.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். 'குழந்தை உரிமை' என்ற பெயரில் ஒரு பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். சட்டமோ சமூகப்பணியோ படிக்கட்டும். இரண்டுமே நான்கு வருடம். சட்டம் முடித்தவர்கள் அட்டர்னி என்கிற வழக்கறிஞர் ஆக, ஒரு அலுவலகத்தில் பயிற்சியும் எடுக்க வேண்டும். சமூகப்பணி படித்து அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவளுடைய ஆங்கில, வரலாற்று மார்க்கைப் பார்த்தால் எனக்குச் சட்டம்தான் சரி என்று படுகிறது.

ஜெனீவாவில் எழுதிய காகிதம் சாட்ஸ்வர்த் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஐ.நா. 1989இல் ஏற்றது. இன்று 196 தரப்புகள் அதில் இருக்கின்றன, ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா மட்டும் இன்னும் உறுதி செய்யவில்லை. நம் தென்னாப்பிரிக்கா அதை உறுதி செய்தது 1995 ஜூன் 16. 1976இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோவில் போராடிய மாணவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய அதே தேதி. ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து 1990இல் தங்களுக்கென்று தனிக் குழந்தை உரிமைச் சாசனமும் எழுதின. அப்புறம் நம் அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு, பிள்ளையைப் பற்றிய எந்த விஷயத்திலும் பிள்ளையின் நலனே முதன்மை என்று சொல்லிவிட்டது.

ஆனால் காகிதம் தானாக நடந்து வந்து யார் வீட்டுக் கதவையும் தட்டாது. 'அடியாத மாடு படியாது' என்று சொல்லியே நம் வீடுகளில் வளர்த்தார்கள். பிள்ளையை அடித்த பெற்றோர் 'கண்டிப்புக்காக அடித்தேன்' என்று சொல்லித் தப்ப ஒரு பழைய சட்ட வழி இருந்தது. 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது. அந்த வழக்கில் இந்த உடன்படிக்கைகளையும் எடுத்து வைத்தார்கள். எடுத்து வைத்தவர்கள் சட்டம் படித்தவர்கள்தானே, அக்கா. உங்கள் மகள் செய்ய நினைக்கிற வேலை இதுதான்.

ஆன் ஸ்கெல்டன் நம் நாட்டு வழக்கறிஞர். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் குழந்தைச் சட்ட மையத்தை நடத்தி, இங்கே நீதிமன்றங்களில் பிள்ளைகளுக்காக வாதாடியவர். அதன் பிறகுதான், நாடுகள் இந்த உடன்படிக்கைப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவுக்குப் போனார், பின்னால் அதன் தலைவராகவும் ஆனார். நவநீதம் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். டர்பன் கிளேர்வுட்டில் பஸ் டிரைவர் வீட்டுத் தமிழ்ப் பெண். ஊரார் காசு சேர்த்துப் படிக்க வைத்தார்கள். 2008இல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனார்.

ஐ.நா. வேலைகளுக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டமும் சில வருட அனுபவமும் கேட்பார்கள். பிரெஞ்சு தெரிந்தால் கை கொடுக்கும். அனுபவத்தை டர்பனிலேயே சேர்க்கலாம். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான சைல்ட்லைன் 1986இல் தொடங்கியதே நம் ஊரில்தான். பள்ளி முடிந்ததும் அங்கே தன்னார்வலராகச் சேர முடியுமா என்று அவளே போன் பண்ணிக் கேட்கட்டும்.

செலவைப் பற்றி: குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் மாணவர் படிப்புக்கு அரசு தரும் என்எஸ்ஃபாஸ் பண உதவிக்கு விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ள வேண்டாம்.

இன்னொன்று. அன்று நான் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள். பதறிப் போய்த்தான் சொன்னீர்கள், எனக்குப் புரிகிறது. அந்த உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, பிள்ளையைப் பற்றிய முடிவில் பிள்ளையின் சொல்லையும் கேட்கச் சொல்கிறது. வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், மார்க் பட்டியலும் அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். முதல் பதினைந்து நிமிடம் அவள் பேசட்டும், நீங்களும் நானும் கேட்போம்.