அத்தை வீட்டு ஜிம்மி பாமரேனியன்தானா?

கேள்வி: கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோமுங்க. சின்ன வயசில் அத்தை வீட்டில் ஜிம்மின்னு ஒரு வெள்ளைப் பாமரேனியன் இருந்தது. புது ஆள் வந்தால் விடாது. அதே மாதிரி மகளுக்கு வாங்கலாமென்று விசாரித்தால், ஈரோட்டில் ஒருத்தர் 40 நாள் குட்டியைக் காட்டி, "ஒரிஜினல் டாய் பாம் (குட்டைப் பாமரேனியன்), பேப்பர் அப்புறம் வரும்" என்று 25,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமுங்களா?

பதில்: அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே? நல்லதுங்க.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஜிம்மி பாமரேனியனாக இருந்திருக்காது. 1980, 90களில் நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் இங்கேயே பெருகியது. நரி மாதிரி நீண்ட மூஞ்சி, ஐந்து கிலோவுக்கு மேல் எடை.

பாமரேனியனும் அதே ஸ்பிட்ஸ் வம்சம்தான். பால்டிக் கடலோரத்தில், இன்றைய போலந்திலும் ஜெர்மனியிலுமாகக் கிடக்கும் பாமரேனியாவின் பெயர் அதற்கு. முன்னெல்லாம் இதுவும் பெரிய நாயாகத்தான் இருந்தது. 1888இல் இத்தாலிக்குப் போன விக்டோரியா மகாராணி சிறிய நாய் ஒன்றை வாங்கிவந்து வளர்க்க, ஊரே குட்டை நாயைத் தேட ஆரம்பித்தது. இப்போது வளர்ந்த நாயே 1.4 முதல் 3.2 கிலோதான், ஒரு கோழி எடை! உருண்டை முகம், குட்டை மூக்கு, முதுகின்மேல் விசிறியாய்ப் படிந்த வால். செம்மஞ்சள்தான் அதிகம் தென்படும் நிறம்.

குணத்தில் உடம்பைவிடத் தைரியம் பெரிது. வரப்பில் மயில் நின்றாலும் குரைக்கும், பால்காரர் வந்தாலும் குரைக்கும். ஆனால் எலும்பு மெலிசு. குழந்தை கையிலிருந்து நழுவினால் கால் போய்விடும்.

இனி அந்தக் குட்டி. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதி. 40 நாள் என்று அவரே சொல்கிறாரே! அந்த வயதில் எந்த ஸ்பிட்ஸ் குட்டியும் பஞ்சு உருண்டைதான், இனம் பிரித்துச் சொல்வது லேசில்லை. என் சித்தி மகன் 'டாய்' என்று வாங்கியது எட்டு மாதத்தில் ஏழு கிலோ. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், தூக்கித் தராசில் வையுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். 'பேப்பர்' என்பது, நாய் இனங்களைப் பதிவு செய்யும் சென்னை கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று. அதற்கு நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் வேண்டும். சான்றில் உள்ள எண்ணும் சிப் எண்ணும் ஒன்றா என்று கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பாருங்கள். அப்புறம் வரும் பேப்பர் பெரும்பாலும் வருவதில்லை.

ரசீதில் 'பாமரேனியன்' என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டும் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு வேண்டியது ஜிம்மிதான். அப்படியானால் ஸ்பிட்ஸ் என்றே பெயர் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்து வெயிலையும் ஓரளவு தாங்கும். சித்திரையில் பாவமென்று முடியை மட்டும் மழித்துவிடாதீர்கள். இரண்டடுக்கு முடி அது. மழித்தால் வெயில் நேரே தோலில் இறங்கும், முடியும் பழையபடி வளராமல் போகலாம்.