இறக்கை மூலையில் ஏன் உப்புத்தாள் போல் சொரசொரக்கிறது?

கேள்வி: 1/48 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கட்டிக்கொண்டிருக்கிறேன். தமியா அக்ரிலிக் பெயின்ட், 0.3 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளியே வரும் முனை) உள்ள டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி; ட்ரிக்கரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), காற்றுத் தொட்டி வைத்த சின்ன கம்ப்ரசர். மேற்பக்கத்துக்கு ஓஷன் கிரே என்ற சாம்பல் நிறம் அடித்தேன். இறக்கை உடலோடு சேருகிற மூலையெல்லாம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. பெயின்ட் கெட்டியாக இருக்கிறதோ என்று தின்னர் கூட்டினால், சிலந்திக் கால் போல நாலாபக்கமும் ஓடுகிறது. நடுநடுவே பெயின்ட் ஊற்றும் கப்பில் குமிழி வருகிறது. மழை நாளில் தண்ணீரும் தெறிக்கிறது. ஏர்பிரஷையே மாற்றிவிடலாமா? (சென்னை வாசகர் ஒருவர்)

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு அல்ல, நான்கு. ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால் கருவி கெட்டுவிட்டது போலத் தெரிகிறது. குமிழிக்கு மட்டும்தான் ஏர்பிரஷ் காரணம், அதையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முதலில் அந்த மூலை. விமான மாடல் கட்டுகிற எல்லோரையும் ஒருமுறையாவது படுத்தி எடுக்கிற இடம் அது. சமதளமான இறக்கையின் மேல் அடிக்கும்போது பெயின்ட் துளி ஈரமாக இறங்கிப் பரவுகிறது, காற்று பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடுகிறது. மூலையில் காற்றுக்குப் போக வழி இல்லை. உடலில் மோதி, இறக்கையில் மோதி, அங்கேயே சுழல்கிறது. துளிகளும் அதோடு சுழன்று, பறக்கும்போதே காய்ந்து, கடைசியில் தூளாக வந்து உட்காருகின்றன. தடவிப் பார்த்தால் சொரசொரப்பது அந்தத் தூள்தான். மீதி இறக்கைக்கு அடிக்கும்போது சிதறுகிற தூளும் அதே மூலையில்தான் போய்ச் சேரும்.

அதனால் மூலையை முதலில் அடியுங்கள். காற்றழுத்தத்தை 10 முதல் 12 பி.எஸ்.ஐ. (அழுத்தமானி காட்டும் அலகு) வரை இறக்கி, 3 அல்லது 4 செ.மீ. பக்கத்தில் வைத்து, மெல்லிய கோடாக அடியுங்கள். நாசிலை மூலைக்கு நேராகக் குத்திப் பிடிக்காதீர்கள். இறக்கை சேரும் கோட்டின் நீளவாக்கில், மூக்கிலிருந்து வால் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் காற்று வெளியேற வழி கிடைக்கும். மூலை முடிந்த பிறகு 15 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி, 5 முதல் 7 செ.மீ. தள்ளி இறக்கையின் மற்ற பகுதிக்குப் போங்கள். இந்த அளவில் ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 23 செ.மீ. சொச்சம்தான். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஈர விளிம்பு காய்வதற்குள் அடுத்த கோடு அதன்மேல் பாதி ஏறி விழ வேண்டும்.

அழுத்தமானியை எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். ட்ரிக்கரை அழுத்தாதபோது காட்டுகிற எண் வேறு, காற்று ஓடும்போது காட்டுகிற எண் வேறு. நான் சொல்வதெல்லாம் காற்று ஓடும்போது உள்ள எண். நிற்கும்போது 15 என்று வைத்துவிட்டு அடித்தால், உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

அடுத்தது தின்னர். தமியா அக்ரிலிக்கின் சொந்தத் தின்னரான எக்ஸ்-20ஏ-வில் ஆல்கஹால் இருக்கிறது. சென்னை வெயிலில் அது நொடியில் பறந்துவிடும். பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒரு பங்கு என்று தொடங்கி, தேவைப்பட்டால் இரண்டு பங்குவரை போகலாம். எண்ணைவிடப் பதத்தைப் பாருங்கள்: கலவையை கப்பின் சுவரில் குச்சியால் ஏற்றிவிட்டால், தண்ணீர் கலந்த பால் டம்ளரில் இறங்குவது போல மெல்லிய படலத்தை விட்டு இறங்க வேண்டும். திட்டாக நின்றால் கெட்டி. சுவரே தெரிகிற அளவுக்கு ஓடிவிட்டால் நீர்த்துவிட்டது. காய்வதைத் தாமதப்படுத்த இரண்டு மூன்று சொட்டு ரிட்டார்டர் சேர்க்கலாம். இல்லையென்றால் ரிட்டார்டர் ஏற்கெனவே கலந்திருக்கிற மிஸ்டர் லெவலிங் தின்னரையே பயன்படுத்தலாம். தமியா அக்ரிலிக் அதை ஏற்றுக்கொள்ளும், பரப்பும் பட்டுப் போல வரும். என் கை எப்போதும் அதற்குத்தான் போகிறது. ஆனால் வயேஹோ போன்ற தண்ணீர் அடிப்படையிலான பெயின்ட்டில், லாக்கர் வகையைச் சேர்ந்த இந்தத் தின்னரை ஊற்றிவிடாதீர்கள். பாலில் எலுமிச்சை பிழிந்தது போலத் திரிந்து நாசிலை அடைத்துவிடும். அதற்கு அதன் சொந்தத் தின்னர்தான்.

சிலந்திக் கால் ஏன் வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். தின்னரைக் கூட்டினீர்கள், அழுத்தத்தையும் தூரத்தையும் அப்படியே விட்டுவிட்டீர்கள். நீர்த்த பெயின்ட்டைக் காற்று பிடிமானம் கிடைப்பதற்குள் தள்ளிக்கொண்டு போகிறது. பதம், அழுத்தம், தூரம் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. நீர்க்க நீர்க்க அழுத்தம் இறங்க வேண்டும், ட்ரிக்கரை இழுப்பதும் குறைய வேண்டும். முதல் பூச்சு பனி படிந்தது போல இருந்தால் போதும், அடியில் உள்ள நிறம் தெரியட்டும். சில நிமிடம் விட்டு அடுத்ததை ஈரமாக அடியுங்கள்.

கை பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலில் காற்று, கை நகரத் தொடங்கிய பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட்டை மூடி, பிறகு காற்று. இரண்டையும் ஒன்றாக விட்டால் ஊசி முனையில் ஒரு சொட்டு தங்கும். அடுத்த முறை அழுத்தியதும் அதுதான் இறக்கை நடுவில் தெறிக்கும்.

இனி குமிழி. கப்பில் குமிழி வந்தால், முன்னால் போக வேண்டிய காற்று பின்வாங்கிப் பெயின்ட் வழிக்குள் நுழைகிறது என்று அர்த்தம். நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது நாசில் மூடி தளர்ந்திருக்கிறது, அல்லது முனை அடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, கப்பில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். குமிழி நின்றால் அடைப்புதான். நிற்கவில்லை என்றால், மரை உள்ள நாசிலாக இருந்தால், மரையில் மட்டும் துளி தேன்மெழுகு தடவி மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நாசிலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், முடி போல விரிசல் இருக்கும். தயவுசெய்து பலம் கொண்டு முறுக்காதீர்கள். என் முதல் ஏர்பிரஷின் நாசிலை அப்படி முறுக்கித்தான் கழுத்தில் உடைத்தேன். உடைந்த துண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது, எடுக்க இரண்டு நாள் ஆனது. விரிசல் இருந்தால் நாசிலை மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.

தண்ணீர் தெறிப்பது ஊர்க் காற்றின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் ஈரம் ததும்புகிறது. கம்ப்ரசர் அதைப் பிழிந்து தொட்டிக்குள் அடைக்கும்போது ஈரம் தண்ணீராகிவிடும். ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் தொட்டிக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து வடியவிடுங்கள். கம்ப்ரசரிலேயே ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருந்தாலும் போதாது. சூடான காற்று குழாயில் போகப் போகத்தான் குளிர்கிறது, அதனால் வடிகட்டியைத் தாண்டிய பிறகும் நீர் கட்டும். ஏர்பிரஷின் கீழேயே மாட்டுகிற சின்ன வடிகட்டி ஒன்று வாங்குங்கள். அடைமழை நாளில் லாக்கர் வார்னிஷ் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும்.

இப்போது கையில் இருக்கிற விமானம். ஒரு நாள் முழுக்க காயவிட்டு, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மூலையை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகளில் சேறு தங்கினால் பழைய டூத்பிரஷால் தள்ளிவிடுங்கள். பிறகு நான் சொன்ன முறையில் மறுபடி அடியுங்கள். மிகவும் மோசமாகிவிட்டது என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் தமியா அக்ரிலிக் வந்துவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. லாக்கர் தின்னரில் ஊறப் போட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக்கே இளகிவிடும். கலவையை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பாருங்கள். அதன் வளைவு விமான உடலின் வளைவு போலவே இருக்கும்.

லாக்கர் தின்னர் கலந்து அடிக்கும்போது துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஊதுபத்தியோ அடுப்போ எரியக் கூடாது. இதில் மட்டும் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து மேற்பக்கத்தின் இன்னொரு நிறமான டார்க் கிரீன் அடிக்க, சாம்பல் நிறத்தை மறைத்து டேப் ஒட்டப் போகிறீர்கள். ஓஷன் கிரே ஒரு நாள் காயட்டும். டேப்பை முதலில் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். உரிக்கும்போது மேல்நோக்கிப் பிடுங்காமல், டேப்பை அதன்மேலேயே மடக்கிப் பின்னால் இழுங்கள்.